ஒரு தரம் சொன்னவர்

அவர் எதையும் ஒரு தரம்தான் சொல்லுவார். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் போனது. காதில் விழுந்ததா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். சொல்லிவிட்டு, கையிலிருந்த துணியை ஒரு உதறு உதறி மடித்துக்கொண்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவார்.

"அந்த சன்னல் கொக்கி நிக்காது முசியே. மழ வந்தா தானா தெறந்துக்கும்" என்று அவர் சொன்னது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். வெளியே வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. சன்னலுக்குக் கீழே மேசையில், மியூசியக் கண்காட்சிக்காகப் பதினெட்டு விசிறிகளை மயில்தோகை மாதிரி விரித்து வைத்திருந்தேன். எல்லாம் ஊரில் பழைய குடும்பங்களிடம் இரவல் வாங்கியவை.

"சித்திரையில எங்க மழ வருது?" என்றேன்.

அவர் துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் பிற்பகலில் கோடைமழை வந்தது. கொக்கி கழன்று, சாரல் நேராக மேசைமேல் அடித்தது. காகிதத்தில் சாயம் தீட்டிய ஒரு விசிறியில் இருந்த சீமாட்டிக்கு முகமே இல்லாமல் போயிற்று. நான் பதறிப்போய் ஓடி வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து, மற்ற விசிறிகளைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு, மழைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது எரிந்து விழுந்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரத் தெரு ஒன்றில், ஒரு பழைய மாடிவீட்டில், சின்னதாக ஒரு மியூசியம் இருந்தது. சிலை, செப்பேடு, நாணயம் ஒன்றும் கிடையாது. வீடுகளில் புழங்கிய அலங்காரச் சாமான்கள்தான்: சரவிளக்கு, பீங்கான், நிலைக்கண்ணாடி, கட்டில், நாற்காலி. ஊர்க்காரர்கள் அதைச் 'சாமான் மியூசே' என்பார்கள். நான் அங்கே எழுத்தர்; எல்லாரும் என்னை 'முசியே' என்பார்கள், பிரெஞ்சில் 'ஐயா'. ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் வைக்கிற அட்டையைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதுவது என் வேலை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரெவே பரீட்சை தேறியிருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைக்கனத்துக்கு இரண்டும் போதாதா? அவர் அங்கே கூட்டித் துடைக்க வந்தவர்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் மியூசியத்துக்குள் மற்றவர்களிடம் 'அவ' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து, யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, காகிதத்தில் மரியாதை கொடுப்பது சுலபமாகத்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு அவருடையது. அவர் வீட்டுக்காரர் என் அப்பாவோடு ஆலையில் ஒரே ஷிப்டில் நின்றவர்; ஒரு விஷக்காய்ச்சலில் போய்விட்டார். என் அம்மாவும் ஆலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஆலைச் சங்கு ஊதி அம்மா வரும்வரை நான் அவர் வீட்டில்தான் கிடப்பேன். அத்தை அத்தை என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவர் கையால் தின்ற கேழ்வரகு அடைக்கு அளவே இல்லை. "அண்ணிக்கு ஒங்க மியூசேவுல ஒரு வேல பாத்துக் குடுடா. கல்யாணத்துக்கு முன்னாடி வெள்ளக்காரங்க வூட்ல பன்னெண்டு வருசம் இருந்தவங்க, சாமான் புழங்கத் தெரியும்" என்று அம்மா சொன்னாள். தெரெக்தரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். மியூசியத்தின் தலைவரை நாங்கள் தெரெக்தர் என்றுதான் சொல்வோம். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர், நல்ல மனுஷர், கிட்டப்பார்வை.

கூட்டித் துடைக்கச் சேர்ந்த முதல்நாள் அவருக்கு அறை அறையாகக் காட்டிக்கொண்டு போனேன். என் குரல் எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

"எதையும் தூக்கக் கூடாது. எதையும் திருப்பக் கூடாது. இருக்கிற எடத்துலயே வெச்சுத்தான் தொடைக்கணும். புரியுதா?"

"புரியுது தம்பி" என்றார் அவர்.

தெரெக்தர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்கார மதாம்கள். எனக்குக் காது மடல் சுட்டது. கூட்டுகிறவருக்கு நான் தம்பி என்றால் நான் எங்கிருந்து வந்தவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடாதா? அவரைக் கொல்லைப்புறத்துக் கைப்பம்புக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்க என்னத் தம்பின்னு கூப்புடாதீங்க."

"வேற எப்டி கூப்புடறது?"

"எல்லாரும் முசியேன்னுதான் கூப்புடறாங்க."

"சரி முசியே" என்றார்.

அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பம்பை இரண்டு அடி அடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். சொல்வது மட்டுமல்ல, கேட்பதும் அவருக்கு ஒரு தரம்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் மியூசியத்துக்குள் என்று நினைத்துச் சொன்னேன். அவர் அப்படிப் பிரித்துக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே தெருவில் சைக்கிளை விட்டு இறங்கின என்னைப் பார்த்து, "இப்பதான் வர்றீங்களா முசியே" என்றார். பிறகு வீட்டிலும் அப்படித்தான். என் தங்கை கல்யாணத்தில் பந்தி முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டார். "முசியே, மாப்ள வூட்டுக்காரங்களுக்கு எல போட்டாச்சு, கூப்புடுங்க" என்று பந்தலுக்குள் சத்தமாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஏன் அண்ணி, இவன் ஒங்களுக்கு முசியேவா?" என்று அம்மா கேட்டாள்.

"பழகிடுச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பந்தலில் வாழைமரம் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'அத்தை, என்னைத் தம்பின்னே கூப்புடுங்க' என்று. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளைதான் வரவில்லை.

மியூசியத்துக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போயிற்று. ஒரு வருஷம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்றாகக் கண்காட்சி வைக்கலாம் என்று தெரெக்தர் முடிவு செய்தார். பொங்கல் கழிந்து விளக்குகள், கோடையில் விசிறிகள், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு விருந்து மேசை, மார்கழியில் நாற்காலிகள். அந்த ஒரு வருஷத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

விளக்குக் கண்காட்சியில் அவர் பேச்சைக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "அந்தக் கயிறு நைஞ்சுபோயிருக்குது முசியே" என்று சரவிளக்கைக் காட்டிச் சொன்னார். உடனே ஆளைக் கூப்பிட்டுக் கயிற்றை மாற்றினேன். காரணம் வேறொன்றுமில்லை, விளக்கு என் மேசைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்து மேசையை நான் தனியாகவே அமைத்தேன். தெரெக்தர் உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் பெங்களூருக்குப் போயிருந்தார். பன்னிரண்டு பேருக்கு மேசை. தட்டு, கரண்டி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து வைத்தேன். நடுவில் பழம் வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அலமாரியில் நீலப்பூ போட்ட பெரிய பீங்கான் வட்டில் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் ஒரு பக்கம் பிறைநிலா மாதிரி வெட்டு. பழச்சாறு வடிவதற்கான வெட்டு என்று நானாக முடிவு செய்து, 'பழவட்டில்' என்று அட்டையும் எழுதி, மல்கோவா மாம்பழங்களை அடுக்கினேன்.

அவர் மேசையைச் சுற்றி ஒரு நடை வந்தார். வட்டிலுக்கு நேரே நின்றார்.

"இது மொகம் மழிச்சுக்கிறது முசியே. இந்த வெட்டுல கழுத்த வெச்சுக்கிட்டு குனிஞ்சுக்குவாங்க. சோப்புத் தண்ணி கீழ ஒழுவாது."

"படத்துல இப்படித்தான் இருக்குது" என்றேன். படத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

துணியை உதறி மடித்துக்கொண்டார்.

பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய தெரெக்தர் நேரே கண்காட்சித் திறப்புக்கு வந்தார். விருந்தாளிகளில் தாடி வைத்த ஒரு கிழப் பாதிரியார் மேசையருகே நின்று, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "என் தகப்பனார் தினமும் இதில்தான் முகம் மழித்துக்கொள்வார். நல்ல வேளை, அவர் மாம்பழம் சாப்பிட்டதில்லை" என்றார். கூட்டமே சிரித்தது. தெரெக்தர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து, இதை இங்கே வைத்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டார்.

வேலைக்காரி துடைக்கும்போது மாற்றி வைத்திருப்பாள் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் துணியோடு நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு தெரியாதே என்ற தைரியம் எனக்கு. வெள்ளைக்காரர் வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தவருக்கு இந்த நாலு வார்த்தை புரியாமலா போகும்? அந்த யோசனை அப்போது எனக்கு வரவில்லை. பிறகு வந்தது, வந்தபோது நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தெரெக்தர் அவரிடம் போய்த் தன் உடைந்த தமிழில், "பார்த்து செய் அம்மா" என்றார். "சரிங்க" என்றார் அவர். 'அட்டை எழுதியது யார் என்று கேளுங்கள்' என்று அவர் சொல்லியிருக்கலாம். அட்டையில் என் முத்தான கையெழுத்துதான் இருந்தது. கிட்டப்பார்வைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அன்று நான் அதிருஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாற்காலிகள்.

நாற்பது நாற்காலிகள் வந்து சேர்ந்தன. பிரம்பு பின்னியது, தோல் போட்டது, சாய்வு, சுழல் என்று விதவிதமாக. நடுநாயகமாக ஒரு கைநாற்காலி. ஒரு பழைய பிரெஞ்சுக் குடும்பம் இரவல் கொடுத்தது. முதுகுச் சாய்வில் ஒரு கொடி ஏறுகிற மாதிரி செதுக்கியிருக்கும். கொடியில் பதினோரு இலைகள். பத்து இலைகள் வலப்பக்கம் பார்த்து வளைந்திருக்க, அடியில் இருந்த ஒரு இலை மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. தாத்தா காலத்தில் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது என்று வீட்டுக்கார மதாம் சொன்னாள். மரம் எது, வேலை எந்த ஊர் வேலை என்று எனக்கும் தெரியாது, தெரெக்தருக்கும் தெரியாது. வீட்டுக்காரி சொன்னதே வேதவாக்கு.

அந்த ஒரு இலை தெரெக்தரை உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறவன் இதில் ஏன் கோட்டை விட்டான் என்று கேட்டார். எனக்கு ஒரு பொறி தட்டியது. அசல் இலை உடைந்துபோயிருக்கும், பிற்காலத்தில் இங்கே யாரோ ஒரு தச்சர் ஒட்டவைக்கும்போது திருப்பி ஒட்டிவிட்டிருப்பார் என்றேன். தெரெக்தர் என் தோளைத் தட்டினார். "உனக்குக் கண் இருக்கிறது" என்றார். அந்த ஒரு தட்டலுக்காக நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்றே அட்டை எழுதினேன்: 'பிரான்ஸ் தேசத்து வேலைப்பாடு. அடியிலுள்ள இலை பிற்காலத்தில் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரால் பிழையாகச் செப்பனிடப்பட்டது.'

மறுநாள் காலை அவர் அந்த நாற்காலிக்கு முன்னால் வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன். துணி கையிலேயே இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது.

"இதுல என்னா எழுதியிருக்கீங்க முசியே?"

அவர் ஒரு அட்டையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

"இது எங்கப்பா செஞ்சது முசியே" என்றார். "ரெயில்வே ஸ்டேஷனாண்ட ஒரு பட்டறையில வேல பாத்தாரு. நான் பொறந்த வருசம் செஞ்சாராம். எல ஒடையல. அவருதான் திருப்பி வெச்சாரு, திருஷ்டிக்கு. நல்லா அமைஞ்ச வேலைன்னா எதனா ஒண்ணத் திருப்பி வெச்சுடுவாரு. கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கிறதில்லியா, அப்டி. கவுத்துப் பாருங்க, அடியில இருக்கும்."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக அப்படிப் பார்க்க மாட்டார்.

நான் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அடியில் என்ன இருக்கும் என்றும் கேட்கவில்லை. கவிழ்க்க இரண்டு பேர் போதும், அரை நிமிஷம் ஆகும். ஆனால் இருந்துவிட்டால்? மதாமிடம் போய் உங்கள் தாத்தா கதை பொய் என்று யார் சொல்வது? தோளைத் தட்டிய தெரெக்தரிடம் எனக்குக் கண் இல்லை என்று யார் சொல்வது? இத்தனை காரணங்களுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. கூட்டுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பாக்கலாம்" என்றேன்.

துணியை உதறி மடித்தார்.

திறப்புவிழா அன்று நல்ல கூட்டம். மழை விட்டிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அதிகாரியும் அவர் மனைவியும் அந்தக் கைநாற்காலியிடம் வந்து நின்றார்கள். அட்டை கீழே விழுந்து கிடந்தது போலிருக்கிறது, அந்த அம்மாள் படிக்கவில்லை. பக்கத்தில் துணியோடு நின்றிருந்த அவரைப் பார்த்து, "ஏம்மா, இந்த ஒரு இலை மட்டும் ஏன் திரும்பியிருக்கு?" என்று கேட்டாள்.

நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முசியேவுக்குத் தெரியும்மா. அவரு சொல்லுவாரு."

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. நம்பிச் சொன்னார். மூன்றாம் வீட்டில் தன் கையால் அடை தின்ற பிள்ளை இப்போது உள்ளதைச் சொல்லிவிடும் என்று அவர் நம்பியது அந்தக் குரலில் இருந்தது. எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விஷயத்தில் நம்பியிருக்கிறார்கள். அந்த மாதிரி யாரும் நம்பியதில்லை.

நான் அட்டையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பிரான்ஸ், கப்பல், உடைந்த இலை, உள்ளூர்த் தொழிலாளி, பிழை.

"நம்ம ஆளு கைய வெச்சா வேற எப்படி இருக்கும்?" என்று அதிகாரி சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தாலாவது இன்றைக்கு எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும். சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன்.

அவர் குனிந்து அட்டையைத் தரையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு அடுத்த நாற்காலியைத் துடைக்கப் போனார்.

கண்காட்சி முடிந்தும் அந்த நாற்காலி மியூசியத்திலேயே இருந்தது. மதாம் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவைத்தாள். மூன்று வருஷம் அவர் தினமும் அதைத் துடைத்தார். மற்ற நாற்காலிகளுக்கு எவ்வளவு நேரமோ அதற்கும் அவ்வளவு நேரம்தான். இலையைத் தடவிப் பார்க்கிறாரா, கண் கலங்குகிறாரா என்று நான் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை. என்னோடும் முன்போலவேதான் இருந்தார். "தண்ணி குடிக்கிறீங்களா முசியே", "கறையான் வந்திருக்குது முசியே, கெழக்கு மூல" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் போவார். அந்த மூன்று வருஷமும் அவர் சொன்னதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தேன். கறையானுக்கு மருந்தடித்தேன், ஓடு மாற்றினேன், கொக்கி புதிதாகப் போட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

பிறகு புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் உறுதியாயிற்று. யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர் என்று ஊரே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மதாம் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பினாள். ஒரு காலை மூட்டை கட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் வைக்கோலும் பலகையுமாக வந்தார்கள். நாற்காலியின் கால்களுக்குக் கோணி சுற்றுவதற்காக அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.

உட்காரும் பலகையின் அடிப்புறத்தில், உளியால் கீறிய ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே தமிழில் ஒரு பெயர். மூன்று எழுத்து. ஒரு பெண்குழந்தையின் பெயர்.

அவர் பெயர்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய அட்டையில் எழுதாதவன் இதில் எழுதி என்ன ஆகப்போகிறது?

"இது என்ன குறி?" என்று மதாம் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

கொல்லையில் கைப்பம்பு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வாளி நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். இருபது அடி.

"மரவாடியில போடற அடையாளம் மதாம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் அட்டை அழகாக இருக்கிறது, அதையும் சேர்த்து அனுப்பு என்றாள். நாற்காலியின் கையில் நூல் போட்டு நானே கட்டினேன். பலகை வைத்து ஆணி அடித்தார்கள். மத்தியானத்துக்குள் லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. பம்பு சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் வீடு, போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க முசியே, உக்காருங்க" என்று பலகையை நகர்த்தினார்.

உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு வேறு.

"நாற்காலி போயிடுச்சு" என்றேன்.

"தெரியும். லாரி வந்துச்சே."

"கவுத்தாங்க. நான் பாத்தேன். அடியில இருந்துச்சு."

அவர் கை அரிசியில் நின்றது.

"இருந்துச்சா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. "ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? அப்பா சொன்னதுதான். 'ஒம் பேர அந்த நாக்காலி அடியில போட்டிருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நெசமோ, வெளையாட்டுக்குச் சொன்னாரோன்னு நெனச்சுக்குவேன்."

"மூணு வருசம் கையிலயே இருந்துச்சே. ஒரு தரம் சாய்ச்சுப் பாத்திருக்கலாமே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

"நீங்கதான எதையும் திருப்பக் கூடாதுன்னு சொன்னீங்க."

தெருவில் ஆலை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ என்னைப் பார்த்து என்னவோ கேட்டார்கள், நான் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. காலையில் பம்பு சத்தம் கேட்டதும், நான் கூப்பிடாததும் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் முறத்தில் இருந்த அரிசியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிச் சமமாக்கினார்.

"எப்டி எழுதியிருந்துச்சு? எழுதிக் காட்டுங்க."

முறத்தை என் பக்கம் நீட்டினார். நான் படியில் மண்டியிட்டு, விரலால் பிள்ளையார் சுழி போட்டேன். கீழே மூன்று எழுத்து. அரிசியில் எழுத்து கோணலாக வந்தது. அவர் தலையைச் சாய்த்து, அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். முதல் எழுத்தின் மேல், அரிசி கலையாமல், ஆள்காட்டி விரலை வைத்து எடுத்தார்.

"அத்தை" என்றேன். எத்தனை வருஷம் கழித்து அந்தச் சொல் என் வாயில் வந்தது.

ஒரு தரம்தான் கூப்பிட்டேன். அவர் காதில் விழுந்திருக்கும். அவருக்கு எதுவும் விழாமல் போனதில்லை.

"நல்லா இருக்குது முசியே" என்றார். முறத்தை ஒரு உதறு உதறி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தார்.